சாரல் காலத்து பேட்டரி

சுந்தரபாண்டியபுரம்
8 ஜூன் 2024

அன்புத் தம்பி வேல்ராஜுக்கு அக்கா அனுசியா எழுதிக்கொண்டது.

இங்கு நானும் அத்தானும் சுகம். நீ அந்தப் பனிமலையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மூக்கில் ரத்தம் வந்தது நின்றதா என்று எழுது. மேலே போய்விட்டால் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது நான்தான் தபால் ஆபீஸில் கவர் வாங்க நிற்கிறேன்.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, டிராக்டர் சுகமில்லை. பங்குனியில் அத்தான் டிரெய்லரில் இருந்து விழுந்து காலில் பிளேட் வைத்ததில் இருந்து நான்தான் ஓட்டுகிறேன். முதலில் வாயைப் பொத்திச் சிரித்த ஊர், இரண்டு மாதத்தில் உழவுக்கு என்னைத் தேடி வந்தது. எல்லாம் சாரல் விழுகிறவரைதான். இப்போது இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தால் மறுபடியும் அதே கதை.

அச்சன்புதூர் நல்லகண்ணு அண்ணாச்சி தொளி உழவுக்கு வயலில் தண்ணீர் கட்டி வைத்துக் காத்திருந்தார். நான் போக முடியவில்லை. அடுத்த வாரமும் முடியவில்லை. "ரெண்டு தடவ பாத்துட்டேன் தாயி, இனும ஒன்ன நம்பி தண்ணி கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல வாய் இல்லை எனக்கு.

அத்தான் வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். ராயகிரி நம்பிராஜன் அண்ணாச்சி கேட்டிருக்கிறாராம். ஆடியில் கைமாற்றக் கூடாது, ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுவரைதான் எனக்குத் தவணை. அத்தான் வாராவாரம் பஸ் ஏறி ஐந்தருவியில் காலைக் காட்டிவிட்டு வருகிறார். கால் தேறுகிறது. வண்டிதான் படுத்துக்கொண்டது.

தம்பி, எனக்கு இந்த வண்டி வேண்டும். ராணுவத்து லாரியை எல்லாம் எழுப்புகிறவனுக்கு அக்கா வண்டியை எழுப்பத் தெரியாதா? என்ன செய்யவேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அனுசியா


19 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கோவேறு கழுதை முதுகில் வந்து சேர்ந்தது. மூக்கு நின்றுவிட்டது. சப்பாத்திதான் நிற்கவில்லை. அத்தானுடைய காலை விசாரித்ததாகச் சொல்.

இங்கே குளிரில் தினமும் ஒரு பேட்டரியாவது செத்துப்போகும். எங்கள் பட்டறையில் ஒரே பாடம்தான்: எடுத்த எடுப்பில் பேட்டரியைத் திட்டாதே. பேட்டரி சாகிறதா, யாராவது அதைக் குடிக்கிறார்களா, அதற்குச் சோறே போகவில்லையா என்று முதலில் பார்.

டெர்மினல் இரண்டையும் கழற்றி வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டு. பச்சையாகப் பூத்திருந்தால் அதுவே பாதி வியாதி. பிறகு ஒரு மல்டிமீட்டர் வாங்கு. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினாலு வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் டைனமோ சோறு போடுகிறது என்று அர்த்தம். பன்னிரண்டிலேயே நின்றால் பெல்ட்டைப் பார்.

அது சரியாக இருந்தால், சாவியை எடுத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்று. வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைத் தொட்டுப் பிடி. பல்ப் எரியக் கூடாது. லேசாக மினுங்கினால்கூட, வண்டி தூங்கும்போது எதுவோ குடிக்கிறது. ஒவ்வொரு வயராகப் பிடுங்கிக்கொண்டே வா. எதைப் பிடுங்கும்போது அணைகிறதோ அதுதான் திருடன்.

மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுச் செய். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

உன் தம்பி
வேல்ராஜ்


சுந்தரபாண்டியபுரம்
1 ஜூலை 2024

தம்பிக்கு,

நீ நல்லபடியாக இருக்க இலஞ்சி குமாரரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

திருடன் அகப்பட்டான்! டெர்மினல் தேய்த்தேன். மீட்டரில் பதினாலைத் தாண்டிக் காட்டியது, டைனமோவைச் சொல்லிக் குற்றமில்லை. பிறகு பல்பைப் பிடித்தேன். மினுக்கு மினுக்கென்று எரிந்தது தம்பி! ஹாரன் வயரைப் பிடுங்கினேன், அணையவில்லை. பின்லைட், அணையவில்லை. கடைசியில் சீட்டுக்கு அடியில் அத்தான் பொருத்தி வைத்திருந்த பாட்டுப்பெட்டி. சாவியோடு சேர்க்காமல் நேராக பேட்டரியில் கொடுத்திருக்கிறார். வயரை வெட்டியதும் பல்ப் பட்டென்று அணைந்தது.

உழும்போது பாட்டு இல்லாவிட்டால் அத்தானுக்கு வேலை ஓடாது, உனக்குத் தெரியும். பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். "இனும வண்டிய நான் மட்டுந்தான் தொடுவேன், வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று நான்தான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

சாரலில் துணி எதுவும் காய்வதில்லை. போதாக்குறைக்கு அத்தான் வேட்டி இரண்டிலும் சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டை. பூச்சிதான். அலமாரியில் ரசகற்பூர உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

நல்லகண்ணு அண்ணாச்சி வீட்டு வாசலில் நாளைக்குப் போய் நிற்கப்போகிறேன். வண்டியிலேயே.

அனுசியா


13 ஜூலை 2024

அக்கா,

சபாஷ். உன் கடிதத்தைப் பட்டறையில் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு பஞ்சாபிக்காரர் உன்னை இங்கே அனுப்பி வைக்கச் சொல்கிறார்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பாட்டுப்பெட்டி சும்மா இருக்கும்போது குடிப்பது சொட்டுத்தான். இரண்டே நாளில் பேட்டரியைச் சாய்க்கிற அளவுக்கு அது குடிக்காது. ஆகையால் கொண்டாடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் மைனஸ் வயரைக் கழற்றித் தனியாக வைத்துவிடு. இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். பிறகு மாட்டிப் பார். எழுந்துவிட்டால் வண்டியில் இன்னொரு திருடன் இருக்கிறான். எழாவிட்டால் குற்றம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது.

அத்தானுக்குப் பாட்டு இல்லாமல் பொழுது எப்படிப் போகிறது? வீட்டிலாவது அந்தப் பெட்டிக்கு ஒரு வழி பண்ணிக் கொடு.

வேல்ராஜ்


சுந்தரபாண்டியபுரம்
28 ஜூலை 2024

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, கோபத்தில் இருக்கிறேன்.

உன் கடிதம் வருமுன்பே அந்த வயர் வேலையை நானே செய்து பார்த்துவிட்டேன். மைனஸைக் கழற்றி வைத்தும் பேட்டரி செத்தது. தென்காசியில் பேட்டரிக் கடை முகம்மது ரபீக் பாயிடம் கொண்டுபோனேன். பழைய பேட்டரி, தட்டெல்லாம் போய்விட்டது என்றார். புதியது மாட்டினேன். அதற்குப் பிறகு அடித்தது பார் மழை! அருவிகளில் வெள்ளம், குளிக்க யாரையும் விடவில்லை. ஊரே ஈரத்தில் ஊறிக் கிடந்தது. வண்டியோ தினமும் காலையில் ஒரே திருப்பில் எழுந்தது. ஈரம்தான் வண்டிக்கு ஆகவில்லை என்று அத்தனை பேரும் சொன்னார்களே, அவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. நல்லகண்ணு அண்ணாச்சி வயலையும் உழுது கொடுத்தேன்.

மழை விட்டு வெயில் அடித்தது. போன வாரம் மறுபடியும் 'டிக்'. அதுவும் எங்கே? சூரியகாந்தி பூத்திருக்கிறது என்று போட்டோ எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில். வெளியூர்ப் பிள்ளைகள் பூவை விட்டுவிட்டு என்னைப் போட்டோ எடுத்தார்கள். அவர்களையே தள்ளச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரபீக் பாய் பேட்டரியைத் திறந்து, அந்தக் கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். "இது ஆசிடே இல்லம்மா, தண்ணி. புது பேட்டரி இப்படி ஆவாது. யாரும் கை வச்சாங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

ஆவணி பிறக்கப்போகிறது. நம்பிராஜன் அண்ணாச்சி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். நான் விடுவதாக இல்லை. என்ன செய்யட்டும்?

அனுசியா


8 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். பேட்டரி ரபீக் பாய் கடையிலேயே இருக்கட்டும். தட்டு புதுசுதான், பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவி, புது ஆசிட் ஊற்றி நிதானமாக சார்ஜ் போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்று சொல். நான் மறுபடி எழுதும்வரை வண்டியில் மாட்டாதே.

ஒன்று கேட்கிறேன். நீ வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போனால் அதற்குப் பக்கத்தில் யார் இருப்பது? உனக்கே பதில் தெரிந்திருந்தால் எழுத வேண்டாம். வீட்டில் யாரிடமும் எதையும் கேட்டுச் சண்டை வளர்க்கவும் வேண்டாம். கொஞ்சம் பொறு.

வேல்ராஜ்


8 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய அத்தானுக்கு வேல்ராஜ் எழுதுவது.

கால் தேறி வருவதாக அக்கா எழுதினாள். சந்தோஷம்.

இதுவரை உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. இதை எழுதவும் மனம் இல்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வேட்டியில் இருக்கிற ஓட்டை பூச்சி அரித்தது இல்லை. அக்கா அலமாரியில் உருண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், பாவம். என் யூனிபாரத்திலும் அதே ஓட்டைதான் இருக்கிறது. பேட்டரி ஆசிட் தெறித்த இடம் துவைக்கத் துவைக்க அப்படித்தான் விடும். அக்கா வண்டியின் பேட்டரியில் ஆசிட் போய்த் தண்ணீர் இருக்கிறது. அதில் யாராவது கை வைக்க முடிவது வண்டி வீட்டில் நிற்கும்போது மட்டும்தான். வீட்டில் இருப்பது நீங்கள்.

வண்டியை விற்கவேண்டும் என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம் அத்தான். பொண்டாட்டி டிராக்டர் ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்றால் அதையும் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். அவள் ஒவ்வொரு வயராகப் பிடுங்கித் திருடனைத் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்குக்கூட அவள் எழுதவில்லை. வயதில் சின்னவன் அதிகம் பேசியிருந்தால் மன்னியுங்கள். பதில் எழுதுங்கள்.

வேல்ராஜ்


சுந்தரபாண்டியபுரம்
20 ஆகஸ்ட் 2024

மாப்பிள்ளை வேல்ராஜுக்கு செல்லச்சாமி எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கு அனைவரும் சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அனுசியா என்னவென்று கேட்டாள். கால் வலி என்று சொன்னேன்.

மாப்பிள்ளை, அந்த வண்டிக்கு நான் கெடுதல் செய்யவில்லை. இலஞ்சி குமாரர் மேல் சத்தியம் பண்ணிச் சொல்லவேண்டும் என்றாலும் சொல்லுவேன். பேட்டரியைத் தொட்டது உண்மை. வைகாசி மாதம் மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் குறைந்து கிடந்தது. இருந்த தண்ணீரும் புளித்த வாடை அடித்தது. நான் ஐந்தருவிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேன் தண்ணீர் பிடித்து வருவேன், வீட்டில் வைத்துக் காலில் ஊற்ற. மூலிகைத் தண்ணீர். டாக்டர் ஆறு மாதம் ஆகும் என்று சொன்ன கால் அந்தத் தண்ணீரில்தான் ரெண்டே மாதத்தில் ஊன்றுகிறது. என் காலுக்கு ஆகிறது வண்டிக்கு ஆகாதா என்று நினைத்தேன். மாட்டுக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் பழைய தண்ணீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, அருவித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். ஒவ்வொரு வாரமும் வண்டி வீட்டில் நிற்கிற நேரம் பார்த்து ஊற்றினேன். குளிக்க விடாத சமயம் மட்டும் ஊற்றவில்லை. புது பேட்டரிக்கும் ஊற்றினேன், இதுவாவது கெடாமல் இருக்கட்டும் என்று.

அவளிடம் சொல்லவில்லை. வண்டியை யாரும் தொடக்கூடாது என்று அவள் சொன்ன பிறகு எப்படிச் சொல்ல? நான் வீட்டில் சும்மா கிடக்கிறேன் மாப்பிள்ளை. அவள் விடியலில் போனால் பொழுது சாய்ந்து வருகிறாள். அந்த வண்டிக்கு என்னால் முடிந்தது இது ஒன்றுதான்.

விற்கச் சொன்னதும் உண்மை. அவள் ஓட்டுகிறது எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நான் பஸ்ஸில் வரும்போது சூரியகாந்திக் காட்டுப் பக்கம் வண்டி நின்றுபோய், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவள் ஒத்தையில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தி இறங்கலாம் என்றால் இறங்கி என்ன செய்ய, தள்ளக் கால் இல்லை. இப்படி அவள் நடுவழியில் நிற்கக் கூடாது என்றுதான் முதலில் இருந்தே விற்கலாம் என்றேன். ஓடுகிற வண்டி என்றால் நான் ஏன் விற்கச் சொல்கிறேன்?

நம்பிராஜன் அண்ணாச்சி வந்தார். மச்சினனுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் செய்ததில் தப்பு இருந்தால் சொல்லவும்.

செல்லச்சாமி


1 செப்டம்பர் 2024

அன்பு அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கூப்பிட வந்தவர்கள் ஊரில் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தான், நீங்கள் செய்தது தப்புத்தான். ஆனால் நான் எழுதியது உங்களுடையதைவிடப் பெரிய தப்பு. பேட்டரிக்குள் இருப்பது கெட்டுப்போன தண்ணீர் இல்லை, ஆசிட். வாடை அடித்தால்தான் அதற்கு ஆரோக்கியம். அதை உறிஞ்சி எடுத்தால் உயிரை எடுத்த மாதிரி. அருவித் தண்ணீர் பாறையையும் மண்ணையும் வேரையும் உரசிக்கொண்டு வருகிறது. அதில் கரைந்து வருவது மனிதனுக்கு மருந்தாகவே இருக்கட்டும், பேட்டரித் தட்டுக்கு விஷம். மைனஸ் வயரைக் கழற்றி வைத்தாலும் உள்ளுக்குள்ளேயே சார்ஜைத் தின்றுவிடும். குறைந்தால் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்கி, தட்டு மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். எதையும் உறிஞ்ச வேண்டாம். உங்கள் கையிலும் கண்ணிலும் தெறிக்காமல் போனதே பெரிய காரியம்.

ரபீக் பாய் கடையில் இருக்கிற பேட்டரியை இப்போது மாட்டலாம். இனி அதைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்களாகவே இருங்கள். மாதம் ஒருமுறை மூடி திறந்து பார்ப்பதும், டெர்மினல் துடைப்பதும் அக்காவுக்கு நேரம் கிடைக்காத வேலை. அருவித் தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். ரேடியேட்டருக்கு ஊற்றுங்கள், நம் ஊர் போர்வெல் தண்ணீர் மாதிரி அது உப்புப் பூக்காது.

அக்காவிடம் நான் எதுவும் எழுதவில்லை. நீங்களே சொல்லுங்கள். என்னுடைய முந்தைய கடிதத்தை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம். கிழித்துப் போட்டுவிடுங்கள். முடிந்தால் மறந்தும் விடுங்கள்.

உங்கள் மச்சினன்
வேல்ராஜ்


சுந்தரபாண்டியபுரம்
14 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி வேல்ராஜுக்கு,

இந்தத் தடவை நிஜமாகவே சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வண்டி விற்கவில்லை. நம்பிராஜன் அண்ணாச்சி வந்து உட்கார்ந்து காபி குடித்தார். "வண்டி குடுக்கதா இல்ல அண்ணாச்சி, வீட்டுல அவ ஓட்டுதா" என்று அத்தான் சொன்னார். அடுப்படியில் நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் போன பிறகு அத்தான் என்னைக் கூப்பிட்டு அந்தத் தண்ணீர்க் கதையைச் சொன்னார். பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுகிறேன் தம்பி. இத்தனை நாள் அந்த மனுஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான். எதனால் என்று அவர் கேட்கவும் இல்லை. அலமாரியில் இருந்த உருண்டையை எல்லாம் எடுத்துப் போட்டேன்.

நேற்று ஐந்தருவிக்கு அவரை பஸ்ஸில் விடவில்லை. டிராக்டரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். மட்கார்டு மேல் கம்பைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் பாட்டு. பெட்டியை மறுபடியும் பொருத்திவிட்டேன், இந்தத் தடவை சாவியோடு சேர்த்து. அவர் குளித்து வருவதற்குள் வண்டி நன்றாக ஆறிவிட்டது. உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் எழுந்தது. அத்தான் கேன் நிறையத் தண்ணீர் பிடித்துக் காலுக்கு நடுவில் வைத்திருந்தார். நான் முறைத்தேன். "ஏட்டி, இது ரேடியேட்டருக்கு. ஒந்தம்பியே எழுதிருக்கான்" என்றார்.

அடுத்த போகம், பிசான நெல் நடவுக்கு, நல்லகண்ணு அண்ணாச்சி இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். நீ லீவில் வரும்போது உனக்கும் ஓட்டக் கற்றுத் தருகிறேன், லாரிக்காரனுக்குத் தொளி உழத் தெரியாது.

ஒன்று கேட்க வேண்டும். ஆவணி பிறக்கும் முன்னால் அத்தானுக்கு நீ தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாயாமே. அதைப் படித்த அன்றுதான் அவர் சாப்பிடாமல் கிடந்தார் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். என்ன எழுதியிருந்தான் என்று கேட்டேன். காட்டச் சொன்னேன், சாரலில் நனைந்து கிழிந்துபோய்விட்டதாம்.

"என் கால விசாரிச்சு எழுதிருந்தான், வேற ஒண்ணும் இல்ல" என்கிறார்.

அக்கா
அனுசியா